ஜந்துகளை அடைத்து வைக்கும் வேலை: லோபோடமி கார்ப்பரேஷன் முழு வழிகாட்டி

லோபோடமி கார்ப்பரேஷன் ஒரு கணினி விளையாட்டு. விநோத ஜந்துகளை அறைகளில் அடைத்து வைத்து, ஊழியர்களை அவற்றிடம் வேலைக்கு அனுப்பி ஆற்றல் எடுக்கும் நிறுவனத்தை நீங்கள் நடத்த வேண்டும். புதிதாக வருபவர்கள் இதைச் சண்டை விளையாட்டு என்று நினைத்து இறங்குகிறார்கள். பத்து நாள் தாண்டுவதற்குள் அலுவலகம் பிணக்காடாகிவிடும். இங்கே முதலில் சேர்க்க வேண்டியது தகவல். அடுத்தது ஆள். ஆயுதம் அதற்கும் பிறகு. கீழே உள்ள படிகளும் இந்த வரிசையில்தான் போகின்றன. நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் எங்கே அடி விழும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறது.

விளையாட்டில் அடைத்து வைக்கப்பட்டிருப்பவற்றுக்கு 'அப்நார்மாலிட்டி' என்று பெயர். அத்தனை முறை அதை எழுதினால் கை வலிக்கும். ஜந்து என்றே சொல்லிக்கொள்வோம்.

1. தொடங்கும் முன்

விளையாட்டில் வரும் ஒரு நாளின் நடுவில் சேமிக்க முடியாது. நாள் முடிந்தால்தான் பதிவாகும். பிற்பகுதியில் ஒரு நாளை ஓட்டவே நெடுநேரம் ஆகும், அதற்குள் மின்சாரம் போனாலோ கேம் நின்றாலோ அந்த நாள் முழுக்கத் திரும்ப ஆட வேண்டும். ஆகவே எழுந்திருக்க வேண்டிய நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பு புதிய நாளைத் தொடங்காதீர்கள்.

வீடியோ பார்த்துக் கற்பவர்கள் அதன் தேதியைப் பாருங்கள். இதைத் தயாரித்த புராஜெக்ட் மூன் நிறுவனம் இந்த கேமை 2016 டிசம்பரில் எர்லி ஆக்சஸில், அதாவது முழுமையாகும் முன்பே, விட்டது. முழு வெளியீடு 2018 ஏப்ரலில். இடையில் அடிப்படை விதிகளே மாறிவிட்டன. பழைய வீடியோவில் பார்த்த உத்தி இப்போதைய கேமில் செல்லாது.

விரலுக்கு ஒரே ஒரு பழக்கம் போதும்: எதுவும் நடந்தால் முதலில் ஸ்பேஸ் பார். நேரத்தை நிறுத்திவிட்டு அறைகளைப் பார்க்கலாம், ஆளை நகர்த்தலாம், கட்டளை கொடுக்கலாம். நிறுத்துவதற்கு எந்த அபராதமும் கிடையாது. வேகத்தை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான் ஆட்களை அதிகம் இழக்கிறார்கள்.

2. நான்கு வேலை, நான்கு குணம், நான்கு அடி

இந்த மூன்று நான்குகளும் மனப்பாடமாக வேண்டும். மற்றதெல்லாம் இவற்றிலிருந்து வருவதுதான்.

ஒவ்வொரு ஜந்திடமும் நான்கு விதமாக வேலை பார்க்கலாம். எந்த வேலை பார்க்கிறாரோ அதற்குரிய குணம் ஊழியருக்கு வளரும்.

இன்ஸ்டிங்க்ட் வேலை ஃபார்ட்டிட்யூடை வளர்க்கும். அது உடல் வலிமை, அதாவது எச்பி.

இன்சைட் வேலை புரூடென்ஸை வளர்க்கும். அது மனவலிமை, எஸ்பி.

அட்டாச்மென்ட் வேலை டெம்பரன்ஸை வளர்க்கும். வேலை வெற்றி பெறும் வாய்ப்பும் வேலை வேகமும் இதைப் பொறுத்தவை.

ரெப்ரஷன் வேலை ஜஸ்டிஸை வளர்க்கும். நடை வேகமும் அடிக்கும் வேகமும் இதில் அடக்கம்.

குணப் புள்ளி 30 ஆனால் 2ஆம் நிலை, 45இல் 3, 65இல் 4, 85இல் 5. நான்கு குணங்களின் நிலைகளையும் கூட்டினால் வருவதுதான் ஊழியரின் தரத்தைத் தீர்மானிக்கும். கூட்டல் 16ஐத் தொட்டால் அவர் ஐந்தாம் தர ஊழியர். ஒரு குணத்தை மட்டும் 100 வரை இழுத்துக்கொண்டு போவதைவிட நான்கையும் 65க்குக் கொண்டுவருவது எளிது. தரமும் அதே ஐந்துதான். இந்தத் தரம் எதற்கு என்பது 8ஆம் படியில் வரும்.

அடிகளும் நான்கு. ரெட் எச்பியைக் குறைக்கும். ஒயிட் எஸ்பியைக் குறைக்கும். பிளாக் இரண்டையும் குறைக்கும். பேல் என்பது அதிகபட்ச எச்பியில் இத்தனை சதவீதம் என்று வெட்டிக்கொண்டு போகும். உடம்பை எவ்வளவு வளர்த்திருந்தாலும் அதன் முன் உதவாது.

பணியில் சேரும் புதிய ஊழியரின் சாதாரண உடையில் ரெட்டும் ஒயிட்டும் 1.0, பிளாக் 1.5, பேல் 2.0. அதாவது பிளாக் ஒன்றரை மடங்காகவும் பேல் இரு மடங்காகவும் இறங்கும். புது ஆளை பிளாக் அடி தரும் ஜந்திடம் அனுப்பக் கூடாது என்பதற்குக் காரணம் இந்த எண்கள்தான்.

3. எந்த ஜந்தை எடுப்பது

நாள்தோறும் மூன்று குறியீடுகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பெயரும் படமும் இருக்காது. குறியீடும் ஒரு வரியும் மட்டும்தான்.

குறியீட்டின் நடு எண் 09 என்றால் அது கருவி. கருவியிடம் வேலை பார்க்க முடியாது, பயன்படுத்த மட்டுமே முடியும். ஆற்றல் தராது. முதல் சில நாட்களில் கருவியை எடுத்தால் ஆற்றல் தரும் அறை ஒன்று குறைகிறது, ஆட்களை வளர்க்கும் இடமும் ஒன்று குறைகிறது. நான்கைந்து ஜந்துகள் கைவசம் வந்த பிறகு கருவி ஒன்று வந்தால் தொல்லையில்லை. சமாளிக்க வேண்டிய உயிர் ஒன்று குறைவு.

ஆபத்து ஐந்து படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஸயின், டெத், ஹே, வாவ், ஆலெஃப். ஸயின் சாது, ஆலெஃப் எமன். ஆனால் இந்தப் பட்டையை அப்படியே நம்பக் கூடாது. பிளேக் டாக்டர் ஸயின் என்றுதான் பதிவாகியிருக்கும். அது ஊழியர்களை ஒவ்வொருவராக ஆசீர்வதித்துக்கொண்டே போகும். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் ஒயிட்நைட் என்ற ஆலெஃபாக மாறும். டோன்ட் டச் மீ என்பதும் ஸயின்தான். அதற்குச் செய்ய வேண்டிய பராமரிப்பு, மவுஸை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பது. பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், இருந்தும் எல்லோரும் ஒருமுறை கிளிக் செய்து பார்க்கத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று. பனிஷிங் பேர்ட், பிக் பேர்ட், ஜட்ஜ்மென்ட் பேர்ட் மூன்றும் ஒரே கட்டடத்தில் சேர்ந்தால் அபோகலிப்ஸ் பேர்ட் உருவாக வழி பிறக்கும். இரண்டு பறவைகள் ஏற்கெனவே இருந்தால் மூன்றாவதை ஒதுக்குங்கள். அபோகலிப்ஸ் பேர்டிடம் கிடைக்கும் உடைக்கும் ஆயுதத்துக்கும் ஆசைப்படுபவர்கள் நன்றாகத் தயாரான பிறகு வேண்டுமென்றே எடுக்கலாம். முதல் சுற்றில் வேண்டாம்.

4. தெரியாத ஜந்திடம் முதல் ஆளை அனுப்புவது

புதியவர்கள் அதிகம் தவறும் இடம் இதுதான். "போனால் போகட்டும்" என்று இருப்பதிலேயே பலவீனமான ஊழியரை அனுப்புவார்கள். கணக்கு சரியாகத்தான் தோன்றும். ஆனால் முதல் சில வாரங்களில் வரும் ஜந்துகள் சில, குணம் குறைந்த ஆளையே குறிவைத்துக் கொல்பவை.

கிரம்ப்ளிங் ஆர்மர் ஃபார்ட்டிட்யூட் 1ஆம் நிலையில் இருப்பவரைக் கொன்றுவிடும். ஸ்பைடர் பட் புரூடென்ஸ் 1ஆம் நிலை ஆளைக் கூட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். ரெட் ஷூஸ், டெம்பரன்ஸ் 3ஆம் நிலையை எட்டாதவரை மயக்கித் தன்வசமாக்கும். பலி கொடுப்பதாக நினைத்து அனுப்புகிறீர்கள்; ஜந்து எதிர்பார்த்துக் காத்திருப்பதும் அந்த ஆளைத்தான்.

ஆகவே முன்கூட்டியே இரண்டு 'சோதனை ஊழியர்'களைத் தயார் செய்யுங்கள். பழகிய ஸயின் ஜந்திடம் நான்கு வேலைகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, நான்கு குணமும் 30ஐத் தாண்டட்டும். இப்படி எல்லாம் 2ஆம் நிலையில் உள்ள ஆளை அனுப்பினால் முதல் இரண்டு கண்ணிகளும் விழாது. வளர்ச்சி அன்றைய நாள் முடிந்த பிறகுதான் கணக்கில் ஏறும் என்பதை மறக்க வேண்டாம். காலையில் இன்சைட் வேலை பார்த்துவிட்டு மதியம் அதே ஆளை ஸ்பைடர் பட்டிடம் அனுப்பினால் அவர் இன்னும் 1ஆம் நிலைதான்.

எந்த வேலையில் தொடங்குவது? இன்சைட்டும் ரெப்ரஷனும் இரண்டாம் பட்சம். ஸ்பைடர் பட் இன்சைட் பார்ப்பவரை நிலை பார்க்காமல் எடுத்துக்கொள்ளும். ரெப்ரஷன் பல ஜந்துகளுக்குப் பிடிக்காது. இன்ஸ்டிங்க்ட் அல்லது அட்டாச்மென்ட்டில் தொடங்குவது ஓரளவு பாதுகாப்பு. முழுப் பாதுகாப்பு என்று ஒன்று இந்த கேமில் இல்லை.

அறைக்குள் போன ஆளைப் பாதியில் திரும்பக் கூப்பிட முடியாது. அனுப்பும் முன் அவருடைய எச்பி, எஸ்பி இரண்டும் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். முக்கால்வாசி போதும் என்று அனுப்பப்பட்டவர்கள் பலர் கதவுக்கு அந்தப் பக்கமே கிடக்கிறார்கள்.

5. பெட்டிகளை எந்த வரிசையில் செலவழிப்பது

வேலை நடக்கும்போது பெட்டி பெட்டியாக எண்ணிக்கை ஏறும். வெற்றி பெற்றது பிஇ பெட்டி, தவறியது என்இ பெட்டி. ஒவ்வொரு தவறிய பெட்டிக்கும் ஊழியருக்கு ஓர் அடி விழும். பிஇ பெட்டிகள் இரண்டு கணக்கில் சேரும்: அன்றைக்குச் சேர்த்தாக வேண்டிய ஆற்றல் ஒதுக்கீட்டில் ஒன்று, அந்த ஜந்துக்கே உரிய தனிக்கணக்கில் ஒன்று. இந்தத் தனிக்கணக்கைக் கொண்டுதான் தகவலும் உபகரணமும் வாங்க வேண்டும்.

முதலில் அடிப்படைத் தகவலை வாங்குங்கள். ஜந்தின் பெயர், ஆபத்துப் படி, எந்த வகை அடி என்பது தெரிந்துவிடும். இது இல்லாமல் எந்த ஊழியர் பொருத்தம் என்றே முடிவெடுக்க முடியாது.

இரண்டாவது, மேலாண்மைக் குறிப்புகள். பெரும்பாலானோர் இதைக் கடைசிக்கு வைத்துவிட்டு வேலை விருப்பத்தை முதலில் வாங்குகிறார்கள். அது தலைகீழ். பிடிக்காத வேலையைக் கொடுத்தால் நாலு அடி விழும், பிறகு ஆள் தேறிவிடுவார். மேலாண்மைக் குறிப்பில் இருப்பதோ உயிரை வாங்கும் விதி. ஹேப்பி டெடி பேரிடம் ஒரே ஊழியர் அடுத்தடுத்து இரண்டு முறை போனால் இறுக்கிக் கட்டிப் பிடித்துக் கொன்றுவிடும். பியூட்டி அண்ட் தி பீஸ்டிடம் ரெப்ரஷன் பார்த்த பிறகு அடுத்ததும் ரெப்ரஷனாக இருந்தால் அது இறந்து, வேலை பார்த்தவர் அடுத்த மிருகமாகிவிடுவார். கிரம்ப்ளிங் ஆர்மர் கொடுத்த பரிசை அணிந்துகொண்டு அட்டாச்மென்ட் பார்த்தால் தலை போகும். பத்து முறை அனுப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயங்கள் அல்ல இவை.

மூன்றாவதாக வேலை விருப்பம். நான்கு வேலைக்கும் தனித்தனியாகப் பெட்டி கேட்கும். நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒன்றிரண்டை மட்டும் முதலில் திறக்கலாம். உள்ளே ஊழியரின் குண நிலை 1 முதல் 5 வரை தனித்தனியாக விருப்பம் எழுதியிருக்கும்; உங்கள் ஆளுக்குரிய கட்டத்தைப் பாருங்கள், 5ஆம் நிலைக்கு எழுதியிருப்பதைப் பார்த்து 2ஆம் நிலை ஆளை அனுப்பாதீர்கள்.

தப்பிக்கும் ஜந்தாக இருந்தால் அடுத்து தப்பிப்புத் தகவல். எந்த அடிக்கு அது பலவீனம் என்பது அதில்தான் இருக்கும். உபகரணம் எல்லாவற்றுக்கும் கடைசி.

தகவல் திறக்கத் திறக்க அந்த ஜந்தின் கண்காணிப்பு நிலை ஏறும். நிலை ஏறினால் வேலை வெற்றியும் வேகமும் கூடும். ஆகவே இங்கே செலவழித்த பெட்டி வட்டியோடு திரும்பி வரும்.

6. மெல்ட்டவுன்: கடைசிக் கட்டத்துக்கு முன் நிறுத்துங்கள்

நீங்கள் பார்க்கும் வேலைகள் மேலே உள்ள கிளிபாத் அளவியை ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே போகும். நிரம்பியதும் சில அறைகள் மெல்ட்டவுனாகி 60 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் அந்த அறையில் வேலை தொடங்காவிட்டால் ஜந்தின் கிளிபாத் கவுன்ட்டர் (அது எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று காட்டும் எண்) பூஜ்யமாகும், தப்பிக்கக்கூடியது தப்பித்துவிடும்.

இங்கே நடக்கும் தவறு எப்போதும் ஒரே மாதிரிதான். அளவியில் ஒரு கட்டம் மிச்சம் இருக்கும்போது எல்லா ஊழியர்களையும் ஒரே நேரத்தில் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அளவி நிரம்பி நான்கு அறைகள் சிவக்கும், அனுப்ப ஆள் இருக்காது. வேலை முடிந்து வருபவர்களோ பாதி உயிரோடு வருவார்கள்.

சரியான முறை இது. அளவியில் கடைசி ஒரு கட்டம் மட்டும் மிச்சம் என்றதும் நிறுத்துங்கள். எல்லோரையும் துறைகளின் பிரதான அறைக்குத் திருப்பி அனுப்புங்கள். அந்த அறைகளில் உள்ள ரீஜெனரேட்டர் எச்பியையும் எஸ்பியையும் தானாக நிரப்பும். எல்லோரும் தேறிய பிறகு, அபாயம் இல்லாத ஸயின் ஜந்திடம் ஒரே ஓர் ஆளை அனுப்பி அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்புங்கள். மெல்ட்டவுன் வந்ததும் ஸ்பேஸ் பார். எந்தெந்த அறை என்று பார்த்து, மிக ஆபத்தானதிலிருந்து தொடங்கி ஆளைப் பிரித்துக் கொடுங்கள்.

தூரமும் கணக்கில் சேர வேண்டும். ஜஸ்டிஸ் குறைந்தவர் லிஃப்ட் ஏறி, நீளமான நடைபாதை கடந்து போய்ச் சேருவதற்குள் 60 விநாடி கரைந்துவிடும். துறைக்கு ஐந்து பேர் வரை வைக்கலாம். அந்தந்தத் துறை ஜந்துகளை அந்தந்தத் துறையினரே பார்க்கும்படி பழக்குங்கள்.

ஆட்கள் போதாதபோது ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கும். எதைக் கைவிடுவது? கவுன்ட்டர் இல்லாத ஜந்தை. அது தப்பிக்காது, ஆற்றல் மட்டுமே குறையும்.

7. தப்பித்துவிட்டால்

எல்லா ஜந்தையும் அடிக்கக் கூடாது. இதை முதலில் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

பனிஷிங் பேர்ட் வெளியே வந்தால் கொசுக்கடி போலத்தான் கொத்தும். அதை யாராவது திருப்பி அடித்தால் வயிறு பிளந்து வாய் திறக்கும், அடித்தவர் காலி. விட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானே அறைக்குத் திரும்பிவிடும். புதியவர்கள் சின்னக் குருவிதானே என்று ஐந்து பேரை அனுப்பி ஐந்து பேரையும் இழப்பது வாடிக்கை.

ஸ்கார்ச்ட் கேர்ள் இதற்கு நேர்மாறு. தப்பித்தால் வழியில் யாரையும் தொடமாட்டாள். ஒரு துறையை நோக்கி நேராக நடப்பாள். போய்ச் சேர்ந்ததும் வெடிப்பாள், அறையில் நிற்பவர்களுக்குக் கடுமையான ரெட் அடி. இவளை வழியிலேயே அடித்து வீழ்த்த வேண்டும். செய்ய வேண்டியது: நிறுத்துங்கள். அவள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள் என்று பாருங்கள். அந்தத் திசையில் உள்ள துறையின் ஆட்களில் வலுவான மூன்று பேரை நடைபாதைக்கு அனுப்புங்கள். மீதிப் பேரைப் பிரதான அறையிலிருந்து எதிர்ப்பக்கம் வெளியேற்றுங்கள். பிறகு நேரத்தை விடுங்கள். நடைபாதையில் முடித்துவிட்டால் வெடிப்பும் இல்லை, இழப்பும் இல்லை. தாமதமாகி அவள் அறைக்குள் நுழைந்துவிட்டால் துரத்தாதீர்கள். காலி அறையில் வெடித்துவிட்டுப் போகட்டும்.

எந்த ஜந்தாக இருந்தாலும் ஆட்களை ஒவ்வொருவராக அனுப்புவது மோசம். முதல் ஆள் வந்து விழுவார், இரண்டாமவர் அதைப் பார்த்து மிரள்வார். எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி ஒரே வீச்சில் இறக்குங்கள். சண்டைக்கு ஆகாத ஊழியர்களை ஆபத்தில்லாத ஏதாவது அறையில் வேலைக்கு அனுப்பிவிடலாம். உள்ளே இருக்கும்வரை நடைபாதைக் கலவரத்திலிருந்து பெரும்பாலும் தப்பிப்பார்கள்.

நீங்கள் கட்டளையிட முடியாத எழுத்தர்கள் இடையில் ஓடிக்கொண்டிருப்பார்கள், சாவார்கள். அவர்களுக்காக ஒரு நல்ல ஊழியரை இழக்காதீர்கள்.

8. பீதியைச் சமாளித்தல்

எஸ்பி தீர்ந்தால் ஊழியருக்குப் பீதி பிடிக்கும். எந்தக் குணம் அவரிடம் ஓங்கியிருக்கிறதோ அதற்கேற்ப நடந்துகொள்வார். ஃபார்ட்டிட்யூட் ஓங்கியவர் சக ஊழியர்களைக் கொல்லக் கிளம்புவார். புரூடென்ஸ் ஓங்கியவர் உயிரை மாய்த்துக்கொள்ள முனைவார். டெம்பரன்ஸ் என்றால் இலக்கின்றி அலைவார். ஜஸ்டிஸ் என்றால் ஜந்து அறைகளைத் திறந்துவிடப் போவார். கடைசியில் சொன்னவர்தான் நாளையே கெடுப்பவர். அவரை முதலில் பிடியுங்கள்.

பீதியில் இருப்பவரை ஒயிட் ஆயுதத்தால் அடித்தால் எஸ்பி திரும்ப ஏறும். ரெட் ஆயுதத்தால் அடித்தால் செத்துப்போவார். அவசரத்தில் இந்த வித்தியாசம் கண்ணில் படாமல் தோழரைத் தோழரே கொல்லும்படி ஆகிவிடுகிறது. துறைக்கு ஒருவரிடமாவது ஒயிட் ஆயுதம் இருக்கட்டும். ஒன் சின் அண்ட் ஹண்ட்ரட்ஸ் ஆஃப் குட் டீட்ஸ் என்ற ஸயின் ஜந்திடம் கிடைக்கும் பெனிட்டன்ஸ் ஆயுதம் இதற்கு ஆரம்பத்திலேயே போதும்.

2ஆம் படியில் சொன்ன தரம் இங்கே வேலை செய்கிறது. தப்பித்த ஜந்தின் ஆபத்துப் படியைவிட ஊழியரின் தரம் எவ்வளவு தாழ்வோ, பார்த்த மாத்திரத்தில் அவ்வளவு எஸ்பி போகும். முதல் தர ஊழியர் ஆலெஃபைப் பார்த்தால் சண்டைக்கு முன்பே பீதிதான். அவர் கையில் எவ்வளவு நல்ல ஆயுதம் இருந்தாலும் அதை நம்மீதே திருப்புவார்.

9. ஆர்டீல்

சில மெல்ட்டவுன் நிலைகளில் அறைகள் சிவப்பதற்குப் பதிலாக வெளியிலிருந்து ஆர்டீல் என்ற எதிரிக் கூட்டம் வரும். டான், நூன், டஸ்க், மிட்நைட் என்று நான்கு அளவு. நிறத்தைப் பொறுத்து வருவது மாறும். முதலில் சந்திப்பது டான்.

கிரிம்சன் டானில் கோமாளிகள் வருவார்கள். அறைவாசல்களுக்குப் போய்க் கவுன்ட்டரைக் குறைப்பதுதான் அவர்கள் வேலை, செத்தாலும் வெடிப்பார்கள். எச்பி குறைந்த ஆளை அருகில் விடாதீர்கள். வயலட் டானில் வருபவை ஒயிட் அடியைப் பரப்பும், நீண்ட நேரம் விட்டால் கவுன்ட்டர்களில் கை வைக்கும். புரூடென்ஸ் மிகுந்தவர்களைக் கொண்டு சீக்கிரம் முடியுங்கள். ஆம்பர் டான் புழுக்கள் ஓரிடத்தில் நிற்காமல் அறைக்கு அறை தலைகாட்டும். துரத்திக்கொண்டு ஓடாமல் ஆட்களைக் கூட்டமாக நிறுத்தி வைப்பது நல்லது. கிரீன் டான் இயந்திரங்கள், நேரடிச் சண்டை.

ஆர்டீலை முழுமையாக முறியடித்தால் ஆற்றல் போனஸ் உண்டு. அதனால் ஒதுக்கீட்டுக்குக் கொஞ்சம் குறையும்போது ஆர்டீலைக் கண்டு பயந்து ஓட வேண்டியதில்லை.

10. உடை முதலில், ஆயுதம் பிறகு

ஈகோ உபகரணங்கள் மூன்று: உடை, ஆயுதம், பரிசு. உடையும் ஆயுதமும் அந்தந்த ஜந்தின் பெட்டிகளைக் கொடுத்து வாங்குவது. பரிசு வேலை பார்க்கும்போது தானாகக் கிடைத்தால் உண்டு.

ஆயுதம் சண்டையின்போது மட்டும் உதவும். உடை நாள் முழுவதும், ஒவ்வொரு தவறிய பெட்டிக்கும் உதவும். ஆகவே முதல் பெட்டிகள் உடைக்கு. எந்த உடையை யாருக்குப் போடுவது என்பதைச் சண்டையை நினைத்து முடிவு செய்யாதீர்கள். அவர் தினமும் எந்த ஜந்திடம் போகிறாரோ அதன் அடிக்கு எதிராக எண் குறைவாக உள்ள உடையைப் போடுங்கள்.

11. நாளை எப்போது முடிப்பது

ஒதுக்கீடு நிறைந்ததும் நாளை முடிக்கும் பொத்தான் வரும். புதியவர்கள் நிம்மதிப் பெருமூச்சோடு உடனே அழுத்திவிடுகிறார்கள். ஆரம்ப நாட்களில் ஒதுக்கீடு சில வேலைகளிலேயே நிறைந்துவிடும். அப்போதே முடித்தால் ஊழியர்கள் வளர மாட்டார்கள், தகவலும் திறக்காது. அதே பழக்கத்தோடு 15ஆம் நாளுக்குப் போனால் இரண்டாம் தர ஆட்களும் பாதி தெரியாத ஜந்துகளும்தான் கையில் இருக்கும்.

ஜந்து குறைவாகவும் சாதுவாகவும் இருக்கும் நாட்கள்தான் பயிற்சிக்காலம். ஒதுக்கீடு நிறைந்த பிறகும் தொடருங்கள். கையிலுள்ள எல்லா ஜந்துகளின் தகவலும் திறந்து, ஊழியர்களின் குறைந்தபட்சக் குணம் 30ஐத் தாண்டும்வரை ஓட்டலாம். மெல்ட்டவுன் நிலை ஏற ஏறச் சிவக்கும் அறைகளும் கூடும்; எல்லோரும் முழு உயிரோடு இருக்கும்போதே, அடுத்த அளவி நிரம்புவதற்கு முன் முடித்துவிடுங்கள். ஆசைப்பட்டு இன்னொரு சுற்று போய் நல்ல ஊழியரை இழப்பதற்கு எந்தப் பெட்டியும் ஈடாகாது.

எத்தனை ஊழியர் உயிரோடு தப்பினார்கள் என்பதை வைத்துத்தான் நாளின் மதிப்பீடு. அதற்கேற்பத்தான் எல்ஓபி புள்ளி கிடைக்கும். புது ஆள் எடுக்க 1 புள்ளி. ஆட்குறை இல்லாத நாட்களில் மிச்சமாகும் புள்ளிகளை டெம்பரன்ஸை ஏற்றுவதில் போடுங்கள். நான்கு குணங்களில், எந்த வேலையாக இருந்தாலும் வெற்றி வாய்ப்பைக் கூட்டுவது அதுதான்.

12. முதல் நாளுக்குத் திரும்புவது

நிலைமை கைமீறினால் மூன்று வழிகள் உண்டு. அந்த நாளை மட்டும் தொடக்கத்திலிருந்து ஆடலாம். மெமரி ரெபாசிட்டரி மூலம் 5 நாளுக்கு ஒருமுறை பதிவாகும் இடத்துக்குத் திரும்பலாம். இல்லாவிட்டால் 1ஆம் நாளுக்கே போகலாம்.

1ஆம் நாளுக்குப் போனால் ஊழியர்கள் போய்விடுவார்கள். திறந்த தகவல், ஈகோ உபகரணங்கள், துறை ஆராய்ச்சிகள் எல்லாம் அப்படியே இருக்கும். இதைத் தோல்வி என்று நினைத்துப் பலர் தவிர்க்கிறார்கள். 20ஆம் நாளுக்கு மேல் பலவீனமான அணியை வைத்துக்கொண்டு ஒரே நாளைப் பத்து முறை ரீட்ரை செய்து வெறுத்துப்போய் கேமையே விட்டுவிடுகிறார்கள். 50 நாள் கொண்ட இந்த கேம், திரும்பிப் போவதைக் கணக்கில் வைத்தே கட்டப்பட்டது.

எப்போது திரும்ப வேண்டும் என்பதற்கு ஓர் எளிய அளவுகோல்: ஒரே நாளை மூன்று முறை வெவ்வேறு விதமாக ஆடியும் மூன்று முறையும் பாதிப் பேர் செத்தால், பிரச்சினை அந்த நாளில் இல்லை, அணியில் இருக்கிறது. திரும்பிப் போகும் முன் அந்த நாளைச் சும்மா விட்டுவிடாதீர்கள். தனிக்கணக்கில் பெட்டி மிச்சமுள்ள ஒவ்வொரு ஜந்திடமும் உடையையும் ஆயுதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள், விட்டுப்போன தகவல்களைத் திறந்துகொள்ளுங்கள். அதன் பிறகு மெமரி ரெபாசிட்டரி.

இரண்டாம் சுற்றின் 1ஆம் நாளில் புதிய ஊழியர்களுக்கு, அணியத் தேவையான குணம் எட்டும் உடைகளைப் போட்டுவிடுங்கள். குணம் எட்டாதவற்றைப் பட்டியலிட்டு, யாருக்கு எந்தக் குணம் எத்தனை புள்ளி வேண்டும் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் முதல் 5 நாள் யாரை எந்த வேலைக்கு அனுப்புவது என்ற கேள்வியே வராது. தேர்வுத் திரையிலும் இப்போது பழைய ஜந்துகள் பெயரோடு வரும். கூடு கட்டும் சிலந்தியா, கட்டிப் பிடிக்கும் கரடியா என்று பார்த்தே எடுக்கலாம்.